கவிழ்த்த படகுக்குள் இரண்டு இரவு

கேபினுக்குள் நுழைந்ததும் எல்லோரும் முதலில் படுக்கையைப் பார்ப்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் பார்ப்பேன், ஈரக் கோட்டை மாட்ட இடம் இருக்கிறதா என்று. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு மரப் பட்டறையில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். ஹாலிடே பார்க்குகளுக்கு விதவிதமான வடிவத்தில் கேபின் செய்து லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் எங்கள் தொழில். பீப்பாய் மாதிரி ஒன்று, இடையர் வண்டி மாதிரி ஒன்று, புல் கூரையும் வட்டக் கதவுமாக ஒன்று. சுவருக்குள் இன்சுலேஷன், அதாவது குளிரைத் தடுக்கும் அடைப்பு, வைப்பதும், அதை மூடி உள்பலகை அடிப்பதும் என் பொறுப்பு.

மாதம் ஒரு வார இறுதியாவது மலை ஏறப் போய்விடுவோம், நான், கணவர், பதிமூன்று வயது மகள். அக்டோபர் அரைப் பருவ விடுமுறையில் லேக் டிஸ்ட்ரிக்டில் அல்ஸ்வாட்டர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பார்க்கில் இரண்டு இரவு தங்கினோம். பெயர் சொல்லப்போவதில்லை. குறை சொல்லப்போகிறேன், அந்தக் குறை நான் பார்த்த பாதி பார்க்குகளில் இருக்கிறது. இரண்டு இரவுக்கு 190 பவுண்டு, படுக்கை விரிப்புக்கு ஆளுக்கு 10 பவுண்டு தனி.

எங்களுக்குக் கிடைத்தது கவிழ்த்துப் போட்ட படகு வடிவக் கேபின். வெளியிலிருந்து பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது, அதை முதலில் சொல்ல வேண்டும். ஆறு மீட்டர் நீளம் இருக்கும். லார்ச் மரப் பலகைகளைப் பழைய மரப் படகுகளில் போலவே ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறும்படி அடித்திருந்தார்கள். ஆணி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். லார்ச்சில் சாதாரண இரும்பாணி அடித்தால் ஒரே மழைக்காலத்தில் ஆணிக்குக் கீழே கறுப்புக் கோடு இறங்கிவிடும். இதில் ஒரு கோடுகூட இல்லை. முன்முகத்தில் கண்ணாடிக் கதவு, அது வழியாக ஏரி தெரிகிறது. செய்தவர் கை சுத்தமானது, சந்தேகமே இல்லை.

இந்த மாதிரிக் கேபின்கள் ஏன் எல்லாமே சின்னதாக, மரச் சறுக்குக் கட்டைகளின் மேலோ சக்கரத்தின் மேலோ உட்கார்ந்திருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். வடிவம் எதுவானாலும் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் இது கேரவன்தான், அதாவது நகர்த்தக்கூடிய வீடு. கேரவன் என்று ஏற்க வேண்டுமென்றால் அப்படியே தூக்கி இன்னொரு இடத்துக்கு நகர்த்த முடிய வேண்டும். இரண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டலாம், அதற்கு மேல் கூடாது. இங்கிலாந்தில் நீளம் 20 மீட்டர், அகலம் 6.8 மீட்டர், உள் உயரம் 3.05 மீட்டர் என்பது எல்லை. ஆனால் எங்கள் பட்டறையில் அளவைத் தீர்மானிப்பது சட்டத்தைவிட லாரிதான். 2.9 மீட்டருக்கு மேல் அகலமான சரக்கு என்றால் போலீசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதோடு, இந்த ஏரிப் பக்கத்துச் சாலைகளில் கல் சுவருக்கும் கல் சுவருக்கும் நடுவே லாரியைத் திருப்ப வேண்டும். அதனால் மூன்று பேர் படுக்கும் அறை என்பது ஒரு சிறிய, இறுக்கமாக மூடிய மரப்பெட்டி. அதற்குள் வரும் ஈரம் எந்த வழியாக வெளியே போகும் என்று யோசித்துச் செய்திருக்க வேண்டும்.

முதல் இரவு மழை இல்லை. நல்ல தூக்கம். தரையில் வெறுங்காலோடு நடக்க முடிந்தது, அடியில் இன்சுலேஷன் நன்றாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கேபின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவே மதிப்பெண் போடச் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

சனிக்கிழமை ஹெல்வெல்லின். 950 மீட்டர், இங்கிலாந்தில் மூன்றாவது உயரமான மலை. ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்தி முனை போன்ற பாறை முகடு வழியாக ஏற வேண்டும் என்பது மகளின் நீண்ட நாள் ஆசை. மேலே காற்று பலமாக இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. ‘இன்னைக்கு வேண்டாம்டா, அந்த முகடு எங்கேயும் ஓடிப்போகாது’ என்று அவள் அப்பா சொன்னார். க்ளென்ரிடிங் கிராமத்திலிருந்து பழைய கிரீன்சைடு ஈயச் சுரங்கத்தைத் தாண்டி, கெப்பல் கோவ் வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதையில் போனோம். நீளம் அதிகம், ஆனால் பயமில்லாத பாதை. உச்சியில் சிலுவை வடிவத்தில் கல் சுவர் கட்டியிருக்கிறார்கள், எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் ஒரு மூலையில் ஒதுங்கலாம். அங்கே உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். 1926 டிசம்பரில் இந்த உச்சியில் ஒரு விமானம் இறங்கி, மறுபடி கிளம்பியும் போயிருக்கிறது. அதற்கு ஒரு நினைவுக் கல் உண்டு. இத்தனை சின்ன இடத்தில் எப்படி இறக்கினார்கள் என்று மகள் அடி வைத்து அளந்துகொண்டே இருந்தாள்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் அம்பாசமுத்திரத்துக்காரி, பாபநாசம் மலையில் இறங்கும் மழையைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் ஊரில் நனைந்தால் வெயில் வந்ததும் கொடியில் போட்டுக் காய வைத்துவிடலாம். இங்கே அக்டோபரில் நனைந்த பூட்ஸ் மூன்று நாள் ஆனாலும் தானாகக் காயாது. மழையும் கொஞ்ச நஞ்சமில்லை. மலைத்தொடரின் மேற்குப் பக்கம் ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5ஆம் தேதி மாலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பெய்தது, பிரிட்டனில் ஒரு நாளில் பதிவான அதிகபட்ச மழை. அதே புயலில் க்ளென்ரிடிங் ஓடை ஊருக்குள் புகுந்து பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட ஊரில் மலை ஏறுகிறவர்களுக்காக ஒரு கேபின் வைக்கிறோம் என்றால், அவர்கள் ஒரு நாளாவது தொப்பலாக நனைந்து திரும்புவார்கள் என்றுதான் நினைத்துச் செய்ய வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் திரும்பினோம். மூன்று மழைக்கோட்டு, மூன்று ஜோடி பூட்ஸ், மூன்று முதுகுப்பை. கதவைத் திறந்தால் நேரே படுக்கை. வாசலில் ஒரு சாய்ப்புகூட இல்லை, மழையில் நின்றுகொண்டே பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தோம். உள்ளே மொத்தம் இரண்டு கொக்கி, அதுவும் வளைந்த சுவரில். கவிழ்ந்த படகின் சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்கிறது. அதில் கொக்கி அடித்தால் கோட்டு சுவரை ஒட்டித் தொங்காது, அறைக்குள் அந்தரத்தில் தொங்கும். எங்கள் கோட்டுகள் மகளின் தலையணைக்கு நேர் மேலே தொங்கின. மாட்ட வேறு இடமில்லை. ஹீட்டர் மேல் துணி போடக்கூடாது என்று ஒட்டியிருந்தார்கள், அது சரிதான், தீப்பிடிக்கும். அப்படியானால் வேறு எங்கே போடுவது என்று அந்தச் சீட்டில் சொல்லவில்லை.

காற்றுப் போக இரண்டு துவாரம் வைத்திருந்தார்கள். கீழே இருந்தது படுக்கைக்கு அடியிலிருந்த பெட்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்ததை முன்பு தங்கியவர் யாரோ குளிருக்குப் பயந்து டேப் ஒட்டி மூடியிருந்தார். நான் உடனே டேப்பைப் பிய்த்தேன், பெட்டியையும் நகர்த்தினேன். குளிர்ந்த காற்று கீழே வந்து சூடான ஈரக் காற்று மேலே போக வேண்டும், இரண்டில் ஒன்று அடைந்தாலும் வேலை நடக்காது. ஆனால் அந்த ஈரத்துக்கு அந்தச் சின்ன ஓட்டைகள் போதவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு மகள் எழுப்பினாள். ‘அம்மா, கூரை ஒழுகுதும்மா.’ டார்ச் அடித்துப் பார்த்தேன். வளைந்த மரச் சட்டங்களுக்கு நடுவே பலகை முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது. அந்த முத்துகள் சேர்ந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அவள் தலைமாட்டில் சொட்டிக்கொண்டிருந்தன. ‘மழை இல்லடா கண்ணு, இது நம்ம மூச்சு’ என்றேன். தூங்கும் ஒரு ஆள் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை மூச்சாகவும் வியர்வையாகவும் விடுகிறார். மூன்று பேர், எட்டு மணி நேரம் என்றால் ஒரு லிட்டரைத் தொடும். கோட்டிலிருந்து கிளம்பும் ஈரம் அதற்கு மேல். இரவு சோறு வேறு உள்ளேயே வடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். நல்லவேளை, மதியமே புளிச்சோறு கட்டி வைத்திருந்தேன்.

மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஈரம். மெத்தையை நேரடியாகப் பிளைவுட் மேல் போட்டிருக்கிறார்கள். இடைவெளி விட்டுப் பட்டைச் சட்டம் அடித்திருந்தால், அல்லது அந்தப் பலகையில் வரிசையாகத் துளை போட்டிருந்தால் இது வந்திருக்காது. ஒரு மணி நேர வேலை. இப்படியே இரண்டு குளிர்காலம் போனால் மெத்தையில் பூஞ்சை, அப்புறம் பலகையில், அப்புறம் நாங்கள் பார்த்துப் பார்த்து வைக்கிற இன்சுலேஷனில். என் கை வைத்த வேலை இல்லைதான், ஆனாலும் வயிறு எரிந்தது.

காலையில் கேபின் வாசலில் நின்று எல்லாவற்றையும் உதறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இடையர் வண்டியில் தங்கியிருந்த வயதான தம்பதி தேநீருக்கு அழைத்தார்கள். இடையர் வண்டி என்பது அந்தக் காலத்தில் ஆடு குட்டி போடும் பருவத்தில் மேய்ப்பர்கள் மந்தையோடு தங்கிய சக்கர வீடு. இன்று அதே வடிவில் சுற்றுலாவுக்குச் செய்கிறோம். உள்ளே போனதும் எனக்குப் புரிந்துவிட்டது. சுவர் நேர் சுவர், வரிசையாக ஆறு கொக்கி. மூலையில் சின்ன விறகு அடுப்பு, புகைக்குழாய் கூரை வழியாக வெளியே போகிறது. கதவு மேல் பாதி தனி, கீழ் பாதி தனி. மேல் பாதியைக் கொஞ்சம் திறந்துவைத்துத் தூங்கியிருக்கிறார்கள். அவர்களும் அதே மழையில்தான் நனைந்திருந்தார்கள். அவர்கள் கோட்டு காய்ந்திருந்தது. ஈரத்தோடு ராத்திரி முழுக்கத் தங்கியவர்கள் காலங்காலமாகப் பட்டுக் கற்றுக்கொண்டது அந்த வடிவத்தில் இருக்கிறது. படகு வடிவம் புகைப்படத்துக்காக வந்தது.

வடிவம் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சோறு போடுகிறது, மகளுக்கும் அந்தப் படகு இன்னும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு கடன் இருக்கிறது, அதைச் செய்கிறவர்தான் அடைக்க வேண்டும். வட்டக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரக் கதவில் கீலை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தள்ளி வைக்கலாம். வட்டத்தில் கீல் வைக்க நேரான விளிம்பே கிடையாது, இரண்டும் நெருங்கி உட்காரும், கதவு சீக்கிரம் தொய்யும். அதற்கு நீளப் பட்டைக் கீல் போட்டுச் சரிசெய்கிறோம். அதேபோல் படகுக்கு வாசலில் ஒரு சாய்ப்பும், நேராக நிற்கும் ஒரு தடுப்பும், அதில் கொக்கியும், முதுகுப் பக்கம் அடைக்க முடியாத ஒரு காற்றுத் துவாரமும் போட்டிருக்க வேண்டும்.

பார்க்கைப் பார்த்துக்கொள்கிற பெண்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டார். துணி துவைக்கும் அறைக்குப் பின்னால் பாய்லர் அறை ஒன்று உண்டு, கேட்பவர்களுக்கு மட்டும் திறந்து விடுவாராம். எங்கள் பூட்ஸ் அங்கே இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. இதை வாசலிலேயே எழுதிப் போடலாமே என்றேன். படகின் காற்றுத் துவாரம் இருக்கும் இடத்தையும் காட்டினேன், போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்த அக்கறைக்காகவே இந்த பார்க்குக்கு ஐந்தில் மூன்றரை கொடுக்கிறேன். படகுக்கு மட்டும் என்றால் இரண்டரை.

நம் ஆட்கள் போவதாக இருந்தால் முக்கியமான ஒன்று. எவ்வளவு குளிர் அடித்தாலும், மழை கொட்டினாலும், கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கேபினுக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்த மாதிரி தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். முன்பதிவுக்கு முன் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: ஈரத் துணி காய வைக்க அறை இருக்கிறதா, வாசலில் கூரை இருக்கிறதா, படுத்துக்கொண்டு திறக்கிற மாதிரி ஜன்னல் இருக்கிறதா. கார் இல்லாதவர்கள் பென்ரித் வரை ரயிலில் வந்து 508 பஸ் பிடிக்கலாம், க்ளென்ரிடிங்கில் இறங்கிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்துவிட்டது. க்ளென்ரிடிங் துறையில் நீராவிப் படகு என்று இன்றும் அழைக்கப்படும் பழைய படகில் ஏறி ஹௌடவுனில் இறங்கி, ஏரியின் கிழக்குக் கரையோடு நடந்தே திரும்பினோம். இந்த ஏரியில் ஓடும் லேடி ஆஃப் தி லேக் படகு 1877இல் தண்ணீரில் இறங்கியது, இப்போது டீசலில் ஓடுகிறது. பெரணி எல்லாம் செம்பு நிறமாகிவிட்டது, பாதை ஏரியை விட்டு ஏறுவதும் இறங்குவதுமாகப் பதினோரு கிலோமீட்டர் போகும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஹெல்வெல்லினைவிட இந்த நடையைத்தான் சொல்வேன். மூன்று பேரும் காய்ந்த பூட்ஸ் போட்டு நடந்தோம்.

மார்ச்சில் மறுபடி போகிறோம், ஸ்ட்ரைடிங் எட்ஜ் பாக்கி இருக்கிறது. மலையில் பனி இல்லாமல் இருக்க வேண்டும். இடையர் வண்டிக்கு முன்பதிவு செய்தாயிற்று.