அட்லாட்டில்: பல ஆண்டுகள் எறிந்து பழகிய பிறகு

அட்லாட்டில் என்னும் ஈட்டி எறிகோலை வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோலுக்குச் செலவழிப்பதைவிட ஈட்டிக்குச் செலவழியுங்கள். அமெரிக்காவில், மிசௌரிக்குக் குடிவந்த பிறகு இதைப் பழகத் தொடங்கினேன். இன்றுவரை விட்டதில்லை.

கோலில் பெரிய சூட்சுமம் கிடையாது. இரண்டடி மரம், ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் சிறு கொக்கி. ஈட்டியின் வால் குழிவில் கொக்கி பொருந்தி நிற்கும். கையோடு கோலின் நீளமும் சேர்ந்துகொள்வதால், கடைசியில் மணிக்கட்டைச் சுண்டும்போது ஈட்டி சீறிக்கொண்டு போகிறது. என்னிடம் உள்ள இரண்டில் ஒன்று, அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடிகள் செய்ததுபோல் இரு விரல்வளையங்கள் கொண்டது. பிடி நழுவாது, ஆனால் வெகுநேரம் எறிந்தால் விரலிடுக்கு எரியும். புதிதாகப் பழகுபவர்களுக்கு வளையமில்லாத கோலே போதும்.

விஷயமெல்லாம் ஈட்டியில்தான் இருக்கிறது. கை வீசும்போது கொக்கி வளைகோட்டில் போகிறது, ஈட்டியின் முனையோ குறியை நோக்கியே நிற்கவேண்டும். நடுத்தண்டு வளைந்து கொடுத்தால்தான் இது நடக்கும். விறைப்பான தண்டு குறி தவறும், தொளதொளவென்ற தண்டு அலைபாயும். ஆறடி மூங்கில் தண்டுதான் எனக்குப் பிடித்தது. அனலில் காட்டி நிமிர்த்த வேண்டும், மழைக்காலத்தில் மறுபடி கோணும், மறுபடி நிமிர்த்த வேண்டும். இந்த வேலையை நான் விரும்பியே செய்கிறேன். அலுமினியத் தண்டில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கைக்கு வரும் உணர்வு வேறு. வாலில் இறகு கட்டினால் ஈட்டி தள்ளாடாமல் போகும்.

பிரான்சில் கிடைத்த மிகப் பழைய கொக்கி ஏறக்குறைய 17,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது, கலைமான் கொம்பில் செய்தது. கனடாவின் யூகோனில் பனித்திட்டுகள் உருகியபோது, இறகின் மிச்சத்தோடு ஈட்டித் தண்டுகளே வெளிப்பட்டன. அங்கே ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்புதான் வில் வந்து இந்தக் கருவியின் இடத்தைப் பிடித்தது. அத்தனை ஆயிரம் ஆண்டுகள் இது மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறது என்பதை, தண்டு நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

மிசௌரியில் மான் வேட்டைக்கு இதற்கு அனுமதி உண்டு. நான் இலக்குப் பலகையோடு சரி. உலகப் போட்டி விதிப்படி 15 மீட்டரில் ஐந்து, 20 மீட்டரில் ஐந்து எறிவேன். விலங்கின் மேல் எறிய நினைப்பவர், இந்தத் தூரத்தில் ஒவ்வொரு எறியும் குறியில் விழும்வரை பொறுக்கவேண்டும். காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடிச் சாவதை என்னால் ஏற்க முடியாது.

பழகும்போது வலுவைக் கூட்டாதீர்கள், முழங்கை நோகும். மெதுவாக எறிந்தாலே 20 மீட்டர் எளிதாகப் போகும். பலகைக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். 1995-இல் ஒருவர் 258 மீட்டர் எறிந்திருக்கிறார், தவறிய ஈட்டி எங்கே போய் விழும் என்று சொல்லமுடியாது.