2000-மா 2008-ஆ: டி அண்ட் டி எந்தப் பதிப்பில் அதிகம் இழந்தது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் பகடை விளையாட்டு. அதன் விதிப்புத்தகப் பதிப்பு மாறியதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் 2008-ஐத்தான் இழுப்பார்கள். நாலாம் பதிப்பு வந்த ஆண்டு அது, சண்டையும் பெரிது. என் கணக்கில் பெரிய இழப்பு அதற்கு எட்டு ஆண்டு முன்பே, மூன்றாம் பதிப்பிலேயே நடந்துவிட்டது. அப்போது கைதட்டல்தான் அதிகம் கேட்டது.

2008-இல் போனவை கண்ணுக்குத் தெரிந்தவை. ஆட்டக்காரர்களுக்கான முதல் விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், பாத்திர வகுப்புகளான பார்ட் இல்லை, ட்ரூயிட் இல்லை, பார்பேரியன் இல்லை. ஆட்டக்காரர்கள் எடுத்து ஆடும் நோம் இனத்தைத் தூக்கி அரக்கர் புத்தகத்தில் போட்டார்கள். அலைன்மென்ட் எனும், பாத்திரம் நல்லதா கெட்டதா என்று சொல்லும் வகைகள் ஒன்பதிலிருந்து ஐந்தாயின. ஆட்டக் கதைகள் நடக்கும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தின் காலண்டரை 1385-இலிருந்து 1479-க்கு நகர்த்தியதில், பல மேசைகளில் வருடக்கணக்காகப் பழகிய மனிதர்கள் ஒரே வீச்சில் செத்துப்போனார்கள். போதாக்குறைக்கு 2009 ஏப்ரலில் பழைய புத்தகங்களின் பிடிஎஃப் விற்பனையையும் ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் நிறுத்தியது.

ஆனால் இதில் பெரும்பகுதி திரும்பி வந்தது. பார்டும் நோமும் அடுத்த ஆண்டே இரண்டாம் ஹேண்ட்புக்கில் வந்தார்கள். பிடிஎஃப்கள் 2013-இல் மறுபடி கடைக்கு வந்தன, ஒன்பது அலைன்மென்ட் 2014-இல், ஐந்தாம் பதிப்பில். மூன்றாம் பதிப்பின் திருத்தமான மூன்றரைப் பதிப்பைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு, அந்த விதிகளைத் தொடர்ந்த பாத்ஃபைண்டர் என்ற வேறு ஆட்டம் 2009-இலேயே இருந்தது. திரும்பாதது நாலாம் பதிப்பின் சொந்தச் சரக்குதான். மந்திரமே இல்லாமல் அதட்டியே கூட்டாளிகளை எழுப்பி நிறுத்தும் வார்லார்ட், ஐந்தாம் பதிப்பில் வகுப்பாக வரவேயில்லை. அவருக்காக அழுதவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இப்போது 2000. அடி படுகிறதா என்று கழித்துப் பார்க்கும் தாக்கோ கணக்கு ஒழிந்ததற்கு நான் கண்ணீர் விடப்போவதில்லை. ட்வார்ஃப் மந்திரவாதி ஆகக்கூடாது என்ற தடை போனதும் நல்லதே. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது.

1981 பேசிக் புத்தகத்தில் ஃபைட்டர் என்ற போர்வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒருவனைக் கொன்றால் 5. தனியாளாக வெட்டினாலும் 400 கோப்ளின்! அதே குகையிலிருந்து ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் 1 எக்ஸ்பி. ஆகவே கோப்ளினை வெட்டுவது நஷ்ட வியாபாரம். லஞ்சம் கொடு, சுற்றிப் போ, தூங்கும்போது பெட்டியைத் தூக்கு, முடியாவிட்டால் ஓடு என்று கணக்கே சொல்லிக்கொடுத்தது. 1989-இல் இரண்டாம் பதிப்பு காசுக்கு எக்ஸ்பி தருவதை விருப்ப விதியாக இறக்கியது. மூன்றாம் பதிப்பு துடைத்தே விட்டது. நாலு பேர் தங்கள் லெவலுக்கு ஏற்ற மோதல்களைப் பதின்மூன்று பதினாலு முடித்தால் அடுத்த லெவல் என்பது புதுக்கணக்கு. தந்திரத்தால் கடந்தாலும் எக்ஸ்பி உண்டு என்று புத்தகம் சொல்லத்தான் செய்தது. ஆனால் தொகை முழுக்க எதிரே நிற்கும் அரக்கனின் பலத்தைச் சொல்லும் சேலஞ்ச் ரேட்டிங் எண்ணைப் பார்த்து எழுதப்பட்டது. மேசையில் இருப்பவர்கள் வாளைத்தானே உருவுவார்கள்?

கூடவே அரக்கர்களின் துணிவைச் சோதிக்கும் மொரேல் விதியும் போனது. பழைய ஆட்டத்தில் ஒவ்வொரு அரக்கனுக்கும் 2 முதல் 12 வரை ஒரு எண், கோப்ளினுக்கு 7. கூட்டத்தில் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் இரண்டு பகடை உருட்டுவார் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். சண்டை பாதியில் முடியும், கைதி கிடைப்பான், அவன் வாயிலிருந்து அடுத்த அறையின் ரகசியம் வரும். இந்தப் பகடை போனபின் கடைசி ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) வரை வெட்டுவதே வழக்கமாகி, ஒரு சண்டை ஒரு மாலையைத் தின்றது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே 2000-இல் வந்த ஓபன் கேம் லைசென்ஸ் என்ற, விதிகளை மற்றவர்களும் எடுத்தாள விடும் அனுமதியை வைத்துத்தான் பாத்ஃபைண்டர் பிறந்தது, 2006-இல் ஆஸ்ரிக் என்ற புத்தகம் டி அண்ட் டி முதல் பதிப்பின் விதிகளை மறுபடி எழுதிக் கொடுத்தது. வீட்டை இடித்தவர்களே சாவியையும் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்று ஐந்தாம் பதிப்பு ஆடுபவர்கள் மொரேலை உடனே திரும்பச் சேர்க்கலாம். இரண்டு ஆறுமுகப் பகடை போதும். காசுக்கு எக்ஸ்பி அவ்வளவு சுலபமல்ல. அங்கே இரண்டாம் லெவலுக்கு 300 எக்ஸ்பியே போதும், ஒரு கோப்ளினுக்கே 50 தருகிறார்கள். அந்தக் கணக்கில் பழைய புதையலை அப்படியே வைத்தால் முதல் பெட்டியிலேயே லெவல் ஏறிவிடும். அட்டவணை முழுவதையும் புதிதாகப் போட்டாக வேண்டும்.