நாற்காலி யாருடையது? பிரின்ஸ்டன், யூனியன், வெஸ்ட்மின்ஸ்டர்: மூன்று இறையியல் கல்லூரிகள்

இறையியல் கல்லூரி திருச்சபைக்குக் கட்டுப்பட்டு இருக்க வேண்டுமா, தனித்து நிற்க வேண்டுமா? புதுக் கருத்துக்காரர்கள் தனித்து நிற்கச் சொல்வார்கள், பழைய விசுவாசத்தில் ஊன்றியவர்கள் சபையின் கண்காணிப்பு வேண்டும் என்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் சபையின் கதையைப் படித்த பிறகு எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது.

1892-இல் நியூயார்க்கின் யூனியன் செமினரி அந்தச் சபையின் பிடியை உதறியது. 37 ஆண்டு கழித்து, 1929-இல், பிரின்ஸ்டன் செமினரியை விட்டு வெளியேறிய சிலர் பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் செமினரியைத் தொடங்கினார்கள். முதல் தரப்பு வேதாகமத்தை வரலாற்றுக் கண்ணோடு ஆராய இடம் கேட்டது. இரண்டாவது தரப்பு முன்னோர் போதித்ததை அப்படியே போதிக்க இடம் கேட்டது. இரண்டு பேரும் முட்டிக்கொண்டது ஒரே கதவில். பேராசிரியர் நியமனத்தில் கடைசி வார்த்தை சபையின் உச்ச மன்றமான பொதுப் பேரவையிடம் இருந்தது.

பிறப்பிலேயே இருந்த வித்தியாசம்

பிரின்ஸ்டனை 1812-இல் பொதுப் பேரவையே தொடங்கியது. முதல் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் அலெக்சாண்டர். முதல் மாணவர்கள் மூன்றே பேர். சபைக்குப் போதகர்களைத் தயாரிக்க சபையே வைத்த பள்ளி அது. சார்லஸ் ஹாட்ஜ் அங்கே ஐம்பது ஆண்டுக்கு மேல் கற்பித்தார். 1872-இல் அவருடைய பொன்விழாவில், இந்தக் கல்லூரியில் புதுக் கருத்து எதுவும் பிறந்ததில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவரைப் பொறுத்தவரை ஆசிரியரின் வேலை பெற்றதைப் பத்திரமாகக் கைமாற்றுவது.

யூனியன் 1836-இல் பிறந்தபோது பேரவைக்கு அதில் பங்கே இல்லை. நியூயார்க்கின் போதகர்களும் விசுவாசிகளும் சேர்ந்து தங்கள் ஆட்சிக்குழுவின் கீழ் நடத்திய கல்லூரி அது. அடுத்த ஓரிரு ஆண்டில் பிரஸ்பிட்டேரியன் சபை பழைய அணி, புதிய அணி என்று இரண்டாகப் பிளந்தது. 1869-இல் இரண்டும் மீண்டும் ஒன்று சேர்ந்தன. ஒற்றுமையின் அடையாளமாக 1870-இல் யூனியன் தானாகவே முன்வந்து, தன் பேராசிரியர் நியமனங்களை மறுக்கும் உரிமையைப் பேரவைக்கு எழுதிக் கொடுத்தது. யாரும் வற்புறுத்திப் பிடுங்கவில்லை. நல்ல மனதோடு கொடுத்த அந்த வாக்குதான் இருபது ஆண்டு கழித்துத் தலைவலியானது.

நடுவில் ஒரு அருமையான காலம் இருந்தது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1880 முதல் 1889 வரை இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து ஒரே இறையியல் இதழை நடத்தின. பிரின்ஸ்டன் பக்கம் ஒரு இதழாசிரியர், யூனியன் பக்கம் ஒரு இதழாசிரியர். வேதாகமம் மூலத்தில் பிழையற்றது என்று பிரின்ஸ்டன் தரப்பின் ஏ.ஏ. ஹாட்ஜும் பி.பி. வார்ஃபீல்டும் 1881-இல் எழுதிய கட்டுரை அதில்தான் வந்தது. அதற்கு யூனியனின் சார்லஸ் பிரிக்ஸ் எழுதிய மறுப்பும் அதே இதழில்தான் வந்தது. எதிரெதிர் அணிகள் ஒரே அச்சில் ஏறி வாதிட்ட நாட்கள் அவை. அந்த இதழ் நின்ற இரண்டே ஆண்டில் விவகாரம் விசாரணை மேடைக்குப் போய்விட்டது.

1891: பிரிக்ஸ்

பிரிக்ஸ் யூனியனில் 1874 முதல் கற்பித்து வந்தவர். 1890-இல் வேதாகம இறையியல் என்ற புதிய துறை உருவாக்கப்பட்டு அவர் அதற்கு மாற்றப்பட்டார். 1891 ஜனவரி 20 அன்று அவர் ஆற்றிய பதவியேற்புரைதான் வெடி. கடவுளின் அதிகாரம் வேதாகமத்தின் வழியாக மட்டும் வருவதில்லை, சபை வழியாகவும் அறிவு வழியாகவும் வருகிறது என்றார். வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களான ஐந்தாகமங்களை மோசே எழுதவில்லை, ஏசாயா புத்தகத்தின் பாதி ஏசாயாவுடையது அல்ல என்றார். இதையெல்லாம் தணிந்த குரலில் சொல்லத் தெரியாதவர் அவர். எதிரிகளைச் சீண்டும் வார்த்தைகள் உரையில் நிறைய இருந்தன.

அந்த ஆண்டே டெட்ராய்ட்டில் கூடிய பேரவை பெரும்பான்மையோடு அந்த நியமனத்தை மறுத்தது. இது புது நியமனமே அல்ல, ஏற்கெனவே இருக்கிற ஆசிரியரை ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருக்கிறோம், மறுக்கும் உரிமை இதற்குச் செல்லாது என்று யூனியன் வாதாடியது. சட்ட நுணுக்கம் போலத் தோன்றினாலும் கேள்வி பெரியது: வேலையில் இருக்கும் ஆசிரியரின் நாற்காலியை வெளியே இருக்கும் ஒரு பேரவை இழுக்கலாமா? 1892 அக்டோபரில் யூனியன் 1870 ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

நியூயார்க் வட்டாரத்தின் சபை மன்றம் பிரிக்ஸைக் குற்றமற்றவர் என்றது. ஆனால் 1893-இல் பேரவை அவரை வேதப்புரட்டுக் குற்றத்துக்காகப் போதக ஊழியத்திலிருந்து இடைநீக்கியது. கல்லூரி அவரைக் கைவிடவில்லை. 1913-இல் இறக்கும் வரை அங்கேதான் பணியாற்றினார். அவர் பெயர் தாங்கிய எபிரெய அகராதி 1906-இல் முழுமையாக வெளிவந்தது. அவர் கருத்தை ஒத்துக்கொள்ளாத கல்லூரிகளிலும் மாணவர்கள் பல தலைமுறைகளாக அந்த அகராதியைத்தான் புரட்டுகிறார்கள். நாற்காலி காப்பாற்றப்பட்டதன் பலன் எதிர் அணிக்கும் போய்ச் சேர்ந்தது.

1926: மேச்சன்

இப்போது எதிர்ப்பக்கம். கிரெஷாம் மேச்சன் பிரின்ஸ்டனில் புதிய ஏற்பாட்டு ஆசிரியர், பழமைவாதி, கூர்மையான எழுத்துக்காரர். 1926-இல் கல்லூரியின் இயக்குநர் குழு அவரை விசுவாசப் பாதுகாப்பியல் (விசுவாசத்துக்காக வாதாடும் இயல்) துறைக்குத் தேர்ந்தெடுத்தது. பேரவை ஒப்புதல் தராமல் தள்ளிப்போட்டது. அவருடைய குணத்தைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. கல்லூரியையே ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது.

பிரிக்ஸைத் தடுத்த அதே வகை அதிகாரம், அவருக்கு நேர் எதிரான கொள்கை உள்ளவரை 35 ஆண்டு கழித்துத் தடுத்தது. கருவி மாறவில்லை, பிடித்த கை மாறியது.

பின்னணி இதுதான். தலைவர் ராஸ் ஸ்டீவன்சன், கல்லூரி முழுச் சபையையும் பிரதிபலிக்க வேண்டும் என்றார். ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பழைய பிரின்ஸ்டன் போதனையே தொடர வேண்டும் என்றார்கள். பாடத்தையும் ஆசிரியர்களையும் கவனிக்க ஒரு குழு, சொத்தைக் கவனிக்க இன்னொரு குழு என்று அதுவரை இரண்டு குழுக்கள் இருந்தன. 1929-இல் பேரவை இரண்டையும் ஒன்றாக்கியது. புதிய குழுவில் 1924-இன் ஆபர்ன் அறிக்கையில் கையெழுத்திட்ட இருவர் இடம்பெற்றார்கள். கன்னிப்பிறப்பு, உடலோடு உயிர்த்தெழுதல் உள்ளிட்ட ஐந்து கோட்பாடுகளைப் பேரவை தன் தீர்மானத்தால் போதகர்கள் மேல் சுமத்த முடியாது என்ற அறிக்கை அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட போதகர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். மேச்சன் தரப்புக்கு இதோடு முடிந்தது.

மேச்சன், ராபர்ட் டிக் வில்சன், ஆஸ்வால்ட் ஆலிஸ், கார்னீலியஸ் வான் டில் ஆகியோர் வெளியேறினார்கள். வில்சனுக்கு அப்போது எழுபதுக்கு மேல் வயது. அந்த வயதில் நிம்மதியான பதவியை விட்டுவிட்டு ஒன்றுமில்லாத கல்லூரிக்குப் போவதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்! அவர் கொள்கை எனக்கு முழுதாக உடன்பாடில்லை. அவர் எடுத்த முடிவுக்கு மரியாதை செய்கிறேன். 1929 செப்டம்பர் 25 அன்று ஐம்பது மாணவர்களோடு வெஸ்ட்மின்ஸ்டர் தொடங்கியது. வகுப்புகள் பைன் தெருவின் ஒரு வீட்டில் நடந்தன. அடுத்த மாதமே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து பெரும் மந்தம் வந்தது. சபையின் பணமில்லாத கல்லூரிக்கு அதைவிட மோசமான காலம் அமைந்திருக்க முடியாது. ஆனாலும் தாக்குப்பிடித்தது.

கிடைத்த சுதந்திரத்தை வைத்து என்ன செய்தார்கள்?

யூனியன் வாசலைத் திறந்துவைத்தது. 1933-இல் நாஜிகள் ஜெர்மன் இறையியலாளர் பவுல் டில்லிக்கை ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கியபோது, தன் ஆசிரியர் ராய்ன்ஹோல்ட் நீபர் முன்முயற்சியில் யூனியன் அவரை அழைத்துக்கொண்டது. ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அவருக்கு இடம் உண்டாக்கினார்கள். 1930-31-இல் ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் அங்கே மாணவராக இருந்து, ஞாயிறுதோறும் ஹார்லெமின் கறுப்பினத்தார் சபையான அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்துக்குப் போனார். 1939-இல் திரும்ப வந்தவர், தன் மக்களோடு துன்பப்படாமல் பிறகு அவர்களைக் கட்டியெழுப்பும் உரிமை தனக்கு இராது என்று முடிவெடுத்து ஜெர்மனிக்கே கப்பலேறினார். பிற்பாடு ஜேம்ஸ் கோன், கறுப்பின விடுதலை இறையியலை அங்கிருந்துதான் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கற்பித்தார். இந்த நியமனங்களை எல்லாம் ஒரு சபைப் பேரவையின் வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் எத்தனை தேறியிருக்கும்? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் விலை உண்டு. ஒரு சபையோடு இறுகக் கட்டப்படாத கல்லூரிக்கு மாணவர்களைத் தொடர்ந்து அனுப்பும் சபையும் இல்லை, நிதி தரும் சபையும் இல்லை. புகழ்பெற்ற தன் நூலகத்தை யூனியன் 2004-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. அப்புறம், வளாகத்தில் குடியிருப்புக் கோபுரம் கட்டும் உரிமையையும் விற்றது.

வெஸ்ட்மின்ஸ்டர் வேலியை இறுக்கியது. பிரஸ்பிட்டேரியன் மரபின் பழைய கோட்பாட்டு ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கைக்கு ஆசிரியர் உடன்பட வேண்டும். அதை மேற்பார்வையிடுவது கல்லூரியின் சொந்த ஆட்சிக்குழு. 1936-இல் மேச்சன் புதிய சபை ஒன்று உருவாக முன்நின்றார். இருந்தும் கல்லூரியை அந்தச் சபையின் சொத்தாக்கவில்லை. இது எனக்குப் பிடித்த நிதானம். 1937 ஜனவரி 1 அன்று அவர் இறந்துபோனார். அதே ஆண்டு ஆலன் மக்ரே பிரிந்து ஃபெய்த் செமினரியைத் தொடங்கினார். தனித்துப் போவது ஒருமுறை பழகிவிட்டால் அடுத்த பிளவு சுலபமாகிவிடுகிறது.

2008-இல் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பழைய ஏற்பாட்டு ஆசிரியர் பீட்டர் என்ஸ், வேதாகமத்தின் மனிதத் தன்மை பற்றி எழுதிய புத்தகத்தால் சிக்கலுக்கு உள்ளானார். ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் அது விசுவாச அறிக்கையின் எல்லைக்குள் இருப்பதாகக் கருதினார்கள். ஆட்சிக்குழு வேறுவிதமாக முடிவெடுத்து அவரை இடைநீக்கியது. அவர் அந்த ஆண்டே விலகினார். 1891-இல் பிரிக்ஸுக்கு வந்த கேள்வி, எவ்வளவோ மென்மையான வடிவில், பேரவையே இல்லாத ஒரு கல்லூரிக்குள் திரும்ப வந்தது. பேரவையிடம் இருந்த சாவி ஆட்சிக்குழுவின் பைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

சபையோடேயே இருந்த பிரின்ஸ்டனைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு பெரு நாட்டில் ஊழியம் செய்த ஜான் மக்காய் 1936-இல் தலைவராகி அதை மீட்டெடுத்தார். 1962-இல் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் வந்து உரையாற்றினார். இன்று நூறு கோடி டாலருக்கு மேல் நிதி வைத்திருக்கும் கல்லூரி அது. அந்தச் செல்வத்தில் அடிமை முறையின் கறை உண்டு என்று தானே ஆராய்ந்து ஒப்புக்கொண்டு, 2019-இல் பரிகாரத் திட்டங்களுக்கு 2 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியது. வலிமையான நிறுவனம்தான் இப்படிச் செய்ய முடியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, என்னைக் கேட்டால்? ஒப்பந்தத்தை முறிக்கும் விலையைக் கொடுத்தாவது ஆசிரியரைக் காத்த யூனியன் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனால் கிராமத்துச் சபைக்குப் போதகராகப் போகிற ஒரு பிள்ளை கேட்டால், பிரசங்க மேடைக்கும் வகுப்பறைக்கும் தூரம் குறைவாக உள்ள கல்லூரியைத்தான் சொல்வேன். அந்த விஷயத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் யூனியனைவிட உறுதியாக நின்றது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும், ஒரு ஆசிரியரை வெளியே அனுப்ப எத்தனை பேர், யார் யார் கையெழுத்திட வேண்டும் என்று விதிமுறையில் தேடிப் பாருங்கள். "சுதந்திரமான கல்லூரி" என்று முகப்பில் எழுதியிருப்பதைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

இந்தக் கதையில் வெளியேறாத ஒருவரும் உண்டு. பிரிக்ஸ் யூனியனில் வகித்த துறையின் அதே பெயரில் பிரின்ஸ்டன் 1893-இல் ஒரு துறை தொடங்கி, கெர்ஹார்டஸ் வாஸ் என்பவரை அமர்த்தியது. மேச்சனுக்கும் வான் டில்லுக்கும் ஆசிரியர் அவர். கொள்கையில் அவர்கள் பக்கம் நின்றவர், ஆனாலும் 1929-இல் பிரின்ஸ்டனிலேயே தங்கி, 1932-இல் ஓய்வு பெற்றார். 1949-இல் அவர் இறந்தபோது, பென்சில்வேனியாவின் ரோரிங் பிராஞ்ச் என்ற சிற்றூரில் அவரை நல்லடக்கம் செய்ய வந்து நின்றவர், இருபது ஆண்டுக்கு முன் வெளியேறிப் போன வான் டில்.