வட்டுப் படிமத்துக்குள் எக்ஸ்ட்4ஆ, எக்ஸ்எஃப்எஸ்ஸா?

திருகோணமலை உப்புவெளியிலுள்ள எங்கள் சிறிய அலுவலகத்தின் கணக்கு மென்பொருளுக்காக அண்மையில் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அமைத்தேன். அதன் வட்டு முழுவதும் ஒரே கோப்பாக இருப்பதே வட்டுப் படிமம். அதற்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்க எந்தக் கோப்பு முறைமை என்பதில் போட்டி எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுக்கிடையில்தான். ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸில் 2014இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்எஸ்ஸையே இயல்பாகத் தருகிறது. நான் எக்ஸ்ட்4 பக்கம்.

வேகம் பற்றிப் பேச்சே வேண்டாம். இந்த அளவு வேலைக்கு இரண்டும் தாராளம். மவுண்ட் செய்யும்போது (கோப்பு முறைமையைப் பயன்பாட்டுக்கு இணைக்கும்போது) வகையைச் சொல்லாவிட்டாலும் லினக்ஸ் தானே கண்டுகொள்ளும். ‘தவறான வகை’ என்று முரண்டு பிடித்தால், பெரும்பாலும் பகிர்வை (வட்டில் பிரித்த பகுதியை) விட்டு முழு வட்டையும் கொடுத்திருப்பீர்கள். முதல் பகிர்வு வழக்கமாக 2048ஆவது செக்டரில் தொடங்கும். செக்டருக்கு 512 பைட் என்றால் மவுண்ட்டுக்குச் சொல்லவேண்டிய ஆஃப்செட் (வட்டின் தொடக்கத்திலிருந்து பகிர்வு வரையிலான தூரம்) 1048576 பைட். மூலப் படிமம் மவுண்ட் ஆகியிருக்கும்போதே பிரதியையும் திறக்கப் போனால், யுயுஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) ஒன்றே என்று எக்ஸ்எஃப்எஸ் மறுக்கும். மவுண்ட் கட்டளையில் ‘நோயுயுஐடி’ என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும்.

என்னைச் சாய்த்தது சுருக்கும் வசதி. விரிப்பதென்றால் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரியும். சுருக்கச் சொன்னால் எக்ஸ்எஃப்எஸ் கைவிரிக்கிறது: சிறிய படிமம் ஒன்றைப் புதிதாக உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுப்பதே நடைமுறை வழி. எக்ஸ்ட்4ஐ மவுண்ட்டிலிருந்து கழற்றிச் சரிபார்த்து, முதலில் ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையால் கோப்பு முறைமையை, பிறகு பகிர்வை, கடைசியில் படிமத்தைச் சுருக்கலாம். வரிசை மாறினால் தரவு போய்விடும்.

வெற்றிடத்தை விடுவிக்க எஃப்எஸ்டிரிம் கட்டளை இருக்கிறதே என்பீர்கள். சர்வரில் இருக்கும்வரை அது போதும். ஆனால் எங்கள் பிரதி வெளிவட்டில் உவர்மலைக்குப் போகிறது. 2004 ஆழிப்பேரலையைக் கண்ட கரை இது. ஒரு பிரதியாவது மேட்டில் இருக்க வேண்டாமா? விண்டோஸ் கணினிகளும் படிக்கவேண்டும் என்பதால் அந்த வெளிவட்டு எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறைமையில் இருக்கிறது. வெற்றிடத்தை விட்டுவிட்டுச் சேமிக்க எக்ஸ்ஃபாட்டுக்குத் தெரியாது. 20 ஜிபி மட்டுமே நிரம்பிய 200 ஜிபி ரா படிமம் (வட்டின் அச்சு அசல் நகல்) அங்கே முழு 200 ஜிபியையும் விழுங்கும். வெற்றிடத்தைத் தவிர்த்துச் சேமிக்கும் கியூகவ்2 என்ற படிம வடிவத்துக்கு மாற்றித் தப்பலாம். ஆனால் நேரடியாக லூப் சாதனமாக, அதாவது கோப்பையே ஒரு வட்டுபோலத் திறக்கும் சுகம் போய்விடும்.

பல டெராபைட் தரவைப் பலர் ஒரே நேரத்தில் எழுதும் இடங்களில் நான் வேலை செய்ததில்லை. அங்கே எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கே நல்ல பெயர்.

எதைத் தேர்ந்தாலும், மின்தடையில் நின்றுபோன படிமத்தைப் பார்வைக்காகத் திறக்கும்போது ‘ஆர்ஓ’ (படிக்க மட்டும்) என்ற மவுண்ட் தெரிவு மட்டும் போதாது. அப்போதும் லினக்ஸ் ஜர்னலை (முடியாத எழுத்துகளின் பதிவேட்டை) மீள ஓட்டிப் படிமத்தில் எழுதிவிடும். எக்ஸ்ட்4 என்றால் ‘நோலோட்’, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘நோரிகவரி’ சேர்த்துக் கொடுங்கள்.