கதவடியில் மூன்று ஆண்டுகளாகக் கிடக்கும் தடி

வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிபோயிருக்கும் தோழி நேற்றுக் கேட்டாள்: "பின்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. துளை எதுவும் போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நீ ஏதோ தடி வாங்கினாயே, அது நன்றாக இருக்கிறதா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாதபடி, இழுத்து மூடும் கதவின் கீழ் டிராக்கில் கிடத்தி, நீளத்தைக் கூட்டிக் குறைத்து முடுக்கிவிடும் தடி அது. மூன்று ஆண்டுகளில் வளையவில்லை, துருப்பிடிக்கவில்லை. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியிருக்கவில்லை. புழுக்கமான இரவில் கதவைக் கொஞ்சம் மட்டும் திறந்து, அதற்கேற்பத் தடியைச் சுருக்கிப் போட்டால் காற்று வரும். கதவு அதற்கு மேல் நகராது. ஆனால் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடக் கூடாது, விட்டால் வெளியிலிருந்து தடியையே எடுத்துவிடலாம். பூட்டு வைத்த வகையை நான் வேண்டுமென்றேதான் வாங்கவில்லை. தீப்பிடித்தால் இருட்டில் சாவி தேட முடியுமா?

எரிச்சலெல்லாம் தடியை முடுக்கும் அந்தத் திருகில்தான். எடுத்து வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் தளர்கிறது. நான்காம் நாள் கதவை அசைத்துப் பார்த்தால் ஒரு விரற்கடை ஆடுகிறது. படுக்கப் போகும் நேரத்தில் தரையில் குனிந்து மறுபடி முடுக்க வேண்டும். இதை நான் எத்தனை இரவு செய்திருப்பேன்!

ஆனாலும் போன மாதம் வரை அதை நம்பினேன். கதவுக்கு அடியில் உருளும் சிறு சக்கரமான ரோலர் தேய்ந்து, கதவு கரகரவென்று இழுபட்டதால் பழுது பார்க்க ஒருவர் வந்தார். கொக்கி மாட்டியிருந்தது, தடியும் கிடந்தது. எடுக்கக் குனிந்தேன். "இருக்கட்டும் அம்மா" என்று சொல்லிவிட்டு, கதவின் இரு ஓரங்களையும் பிடித்து மேலே தூக்கினார். கொக்கி தானாகக் கழன்றது. அடிப்பாகம் டிராக்கை விட்டு உள்ளே வந்தது. தடி மட்டும் முடுக்கிய மேனிக்கு அங்கேயே கிடந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கதவை மாட்டுவதற்காக மேல் டிராக்கில் இடைவெளி விடுவார்களாம். ரோலர் தேயத் தேயக் கதவு இறங்கி, அந்த இடைவெளி பெரிதாகிறது. புது ரோலர் போட்டதும், கதவின் கீழ் ஓரத்தில் சிறிய மூடிக்குள் இருந்த திருகைத் திருப்பிக் கதவை உயர்த்தினார். மிச்சமிருந்த சந்தில் மெல்லிய மரத்துண்டுகளை இருபக்க டேப்பால் நானே ஒட்டினேன். கதவு உரசாமல் ஓடுகிறது, ஆனால் தூக்கினால் அசையவில்லை. வீடு காலி செய்யும்போது உரித்துவிடலாம். மூன்று ஆண்டுகள் நான் குனிந்து முடுக்கியதைவிட இந்த அரைமணி நேர வேலைதான் கதவைக் காத்தது. தடி வந்த அட்டைப்பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. 'முழுப் பாதுகாப்பு' என்று மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள்.

அதனால் தோழியிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். கதவை மூடியபின் டிராக்கில் காலியாக இருக்கும் நீளத்துக்கு வெட்டிய ஒரு மரக்கட்டை போதும். அதில் தளர்வதற்குத் திருகு இல்லை. அதற்கு முன் நகரும் கதவு உள்பக்க டிராக்கில் ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வெளிப்பக்கம் ஓடினால் உள்ளே எதைக் கிடத்தியும் பயனில்லை. டிராக்கை அளந்து இன்று மாலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.