ஜப்பானிய மொழி கற்க: மினாதோவா, ஹலோடாக்கா?

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் ஜப்பானிய மொழியை இணையத்திலேயே கற்க நினைக்கிறார்கள். எதில் தொடங்குவது என்பதுதான் குழப்பம். மினாதோ, ஜப்பான் அறக்கட்டளை 2016இல் தொடங்கிய இணையப் பள்ளி. ஹலோடாக் செயலியில் நேராக ஜப்பானியர்களோடு பேசலாம்.

செலவு
மினாதோ: தானே படிக்கும் பாடங்களுக்கு ஒரு வெள்ளிகூட வேண்டாம். ஆசிரியர் துணையுள்ள வகுப்புக்குக் கட்டணம் உண்டு.
ஹலோடாக்: அடிப்படைப் பயன்பாடு இலவசம்.

இலக்கணம்
மினாதோ: படிப்படியாக வரும். தமிழருக்கு இது நல்ல வாய்ப்பு. 'கோஹான் ஓ தாபெமாஸ்' என்றால் 'சோற்றைச் சாப்பிடுகிறேன்'. அந்த 'ஓ' நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது, வினையும் கடைசியில்தான். ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாமல் தமிழிலேயே யோசியுங்கள், பாதி பயம் போய்விடும்.
ஹலோடாக்: நீங்கள் எழுதிய வரியை எதிரில் இருப்பவர் திருத்தித் தருவார். ஆனால் காரணம் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது.

பேச்சு
மினாதோ: காது பழகும், வாய் பழகாது.
ஹலோடாக்: குரல் பதிவு அனுப்பலாம், பேசலாம். ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரம்தான் முன்னே. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் அங்கே ஒன்பது. ஆனால் ஒரு விஷயம், ஹலோடாக்கில் எல்லோரும் மொழிக்காக வருவதில்லை. சொந்த விவரம் எதையும் கொடுக்காதீர்கள், பெண் பிள்ளைகள் கூடுதல் கவனமாக இருங்கள்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5 தேர்வுதான் இலக்கா? அதில் பேச்சுத் தேர்வே இல்லை, மினாதோ சரியாக இருக்கும். ஜப்பானிய மேலாளரோடு தினமும் பேச வேண்டியவர்கள் முதல் மூன்று மாதம் மினாதோ, அப்புறம் ஹலோடாக் என்று போகலாம். எழுத்தே தெரியாமல் ஹலோடாக்கில் இறங்க வேண்டாம்.