பேக்கோவா, சிறு வெட்டா?

அம்மாவின் கண்புரைக்கு நாள் குறித்துவிட்டு, எந்த முறை என்று குழம்பும் பிள்ளைகள் கொழும்பில் நிறையப் பேர். பேக்கோ என்றால், புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி எடுப்பது. சிறு வெட்டு என்றால், இயந்திரம் இல்லாமல் கையாலேயே புரையை வெளியே எடுப்பது.

வெட்டு: பேக்கோவில் 3 மி.மீட்டருக்கும் குறைவு, மடித்து வைக்கும் செயற்கை வில்லை. சிறு வெட்டில் 6–7 மி.மீ., பெரும்பாலும் மடியாத வில்லை. பொதுவாக இரண்டுக்கும் தையல் இல்லை.

செலவு: பேக்கோவுக்கு இயந்திரம் வேண்டும், அதனால் கூடுதல்.

பார்வை: பேக்கோவில்தான் பார்வை நன்றாக வரும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். 2007இல் வெளிவந்த நேபாள ஆய்வில் பார்வையைப் பாதித்த புரையுள்ள 108 பேரில் இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். 6 மாதத்தில், கண்ணாடியோடு 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காண்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை இரு முறையிலும் 98 சதவீதம் பேருக்கு. ஆனால் அறுவைக்கு மறுநாள் கருவிழி (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) வீக்கம் பேக்கோவில்தான் அதிகம். காரணம், பழுப்பேறி இறுகிய புரையை உடைக்க அல்ட்ராசவுண்ட் சக்தியைக் கூட்ட வேண்டும். அது கருவிழியின் உட்புறச் செல்களைத் தாக்கும். அழிந்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

அப்பாவுக்கு என்றால், சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் குடிக்கிறாரா என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எந்த முறையிலும் கண்மணி சுருங்கித் தொல்லை தரும்.

புரை இளசு, கண்ணாடியை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றால் பேக்கோ. வெளிச்சம் மட்டுமே தெரியுமளவு முற்றியிருந்தால், கைதேர்ந்தவர் செய்யும் சிறு வெட்டு.